மேய விட்டு வளர்க்கும் வாத்துகளை நாய், கீரி, மரநாய், பருந்திடமிருந்து குறைந்த செலவில் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லையிலும் பக்கத்து வயலிலும் பத்துப் பன்னிரண்டு வாத்துகளை மேய விட்டு வளர்ப்பவர்களுக்கு இது. நாட்டு வாத்து, காக்கி கேம்பெல், வெள்ளைப் பெக்கின், மணிலா வாத்து எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: வாத்து பெரும்பாலும் கோழி மாதிரி மரமேறிப் படுக்காது, இரவில் தரையிலேயே கிடக்கும். மணிலாவைத் தவிர மற்றவை சரியாகப் பறக்கவும் மாட்டா. துரத்தினால் ஓடித் தப்பிக்கும் வேகமும் கிடையாது. ஆகவே தப்பிக்கிற வேலையை அவற்றுக்காக நாம்தான் செய்ய வேண்டும்.

கையில் இருக்கிற பணம் ஒரு வேலைக்குத்தான் வரும். வேலி போடுவதா, கூண்டு கட்டுவதா?

கூண்டு. யோசிக்கவே வேண்டாம்.

முக்கால் ஏக்கரைச் சுற்றி நாய் நுழையாத வேலி போடுகிற காசில் பாதிகூட ஆகாது, பத்து வாத்து படுக்கும் உறுதியான கூண்டுக்கு. அந்த வேலியும் மரநாயைத் தடுக்காது, அது ஏறி வரும். காட்டுப்பூனையையும் தடுக்காது. மொத்தமாக அடித்துப் போடுகிற சேதம் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் நடக்கும். பகலில் போவது ஒன்றிரண்டு, அதுவும் பெரும்பாலும் குஞ்சு. இரவுக்கு நல்ல பூட்டு, பகலுக்கு ஒதுங்க இடமும் ஒழுங்கான நேரமும். வேலி இதற்கெல்லாம் பிறகு.

வாத்து மேய்க்கிறவர்கள் அறுவடை வயலில் இரண்டு மூன்று அடி உயர வலையைச் சுற்றிக்கட்டி நூற்றுக்கணக்கில் அடைக்கிறார்களே, அது போதாதா?

அந்த வலை வாத்து வெளியே போகாமலிருக்கக் கட்டியது. நாய் உள்ளே வராமலிருக்க அங்கே ஆள் படுத்திருக்கிறார், பக்கத்தில் அவருடைய நாயும் இருக்கும். கிடையைப் பார்த்துவிட்டு வலையை மட்டும் வாங்கிவந்து கட்டி, நாம் வீட்டுக்குள் போய்த் தூங்கினால், ஒரே இரவில் எல்லாம் போய்விடும். இப்படி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

எது வந்து பிடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது தெரியாமல் செலவு செய்வது வீண். பருந்து தூக்குகிற இடத்தில் தரையில் வலை புதைப்பார்கள், பெருச்சாளி இழுக்கிற இடத்தில் மேலே வலை கட்டுவார்கள். முதலில் கிடக்கிற உடலையும் இறகையும் பாருங்கள்.

ஐந்தாறு வாத்து அங்கங்கே செத்துக் கிடக்கிறது, தின்ற அடையாளமே இல்லை, இறகு கொல்லை முழுக்கப் பறந்திருக்கிறது, கடி முதுகிலும் வாலடியிலும் என்றால் தெருநாய். பசிக்காகக் கொல்வதல்ல அது, ஓடுகிறதைத் துரத்துகிற ஆட்டம். ஒரே ஒரு வாத்தைக் காணோம், வேலியோரம் வரை இறகு கோடு போட்ட மாதிரி விழுந்திருக்கிறது என்றால் காட்டுப்பூனை அல்லது நரி. இரவில் கூரை வழியாக வந்து, கழுத்தைக் கடித்து, நெஞ்சுக்கறியை மட்டும் தின்றிருந்தால் மரநாய். பக்கத்துச் சுவரிலோ கூரை முகட்டிலோ பழக்கொட்டை கலந்த எச்சம் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

பட்டப்பகலில், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் குஞ்சு போனால் கீரியையும் காக்காவையும் பருந்தையும் வரிசையாகச் சந்தேகப்படலாம். கீரி தலையிலும் கழுத்திலும் கடிக்கும், புதர் ஓரம் இழுத்த தடம் இருக்கும். பருந்து தூக்கினால் சத்தமும் இல்லை, தடமும் இல்லை, எண்ணிக்கை மட்டும் குறையும். முட்டையில் ஓட்டை குத்தி உறிஞ்சியிருந்தால் காக்கா. ஓடுகூட இல்லாமல் முட்டை மாயமாகிறது என்றால் பாம்பு, சில நேரம் உடும்பு. செத்த குஞ்சின் தலையும் கழுத்தும் எச்சில் பட்டு ஈரமாக ஒட்டிக் கிடந்தால், விழுங்கப் பார்த்து முடியாமல் பாம்பு விட்டுப் போனது. குஞ்சின் காலைக் கடித்து வளைக்குள் இழுக்கப் பார்த்திருந்தால் எலி, பெருச்சாளி.

பூட்டு திறந்திருக்கிறது, இறகு ஒன்றுகூட இல்லை, நன்றாகத் தேறிய நாலு வாத்து மட்டும் போயிருக்கிறது என்றால், அந்த விலங்குக்கு இரண்டு கால்.

உடல் எதுவும் கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூண்டைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்குத் தூவி வையுங்கள். சாம்பல் இல்லையென்றால் பொடி மணல். காலையில் தடம் படித்துவிடலாம். நாலு விரலும் நகக்குறியும் தெரிந்தால் நாய் அல்லது நரி. நாலு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை வகை. ஐந்து விரல் என்றால் மரநாய் அல்லது கீரி, இரவில் பதிந்ததானால் பெரும்பாலும் மரநாய். ஒரு பைசா செலவில்லாத வேலை இது. மூன்று இரவு செய்து பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

பத்து வாத்துக்கு எவ்வளவு பெரிய கூண்டு, என்னென்ன பொருள் வேண்டும்?

இரவு மட்டும் படுக்க ஒரு வாத்துக்கு 4 சதுர அடி. பத்துக்கு 8 அடிக்கு 5 அடி. பின்பக்கம் 4 அடி உயரம், முன்பக்கம் 5 அடி. கூரை பின்பக்கமாகச் சரியும். நீங்கள் குனிந்து உள்ளே போய்க் கூட்ட முடியாத உயரத்தில் கட்டாதீர்கள். கூட்ட முடியாத கூண்டு நாறும், நாறினால் ஈ, புழு, எலி, பாம்பு என்று வரிசை கட்டி வரும்.

கீழே இரண்டு அடிக்குக் கெட்டிச் சுவர். நாலரை அங்குலச் செங்கல் சுவராக எழுப்பினால் கதவு போக 250, 260 செங்கல் பிடிக்கும். 16 அங்குலம் நீளம், 8 அங்குலம் உயரமுள்ள சிமென்ட் சாலிட் பிளாக்கானால் 55 போதும். வீடு இடித்த இடத்தில் பழைய செங்கல் மலிவாகக் கிடைக்கும், உடைந்ததும் ஆகும். அதற்கும் வழியில்லையென்றால் கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிச் சாணம் மெழுகலாம், ஆனால் பெருச்சாளி மண்சுவரைக் குடையும். அடிவாரத்தில் ஓர் அடிக்காவது கல் இருக்கட்டும்.

அதற்கு மேல் கூரை வரை வெல்டு மெஷ் வலை, அரை அங்குலக் கண். 3 அடி அகலச் சுருளில் 28 அடி நீளம் வாங்கினால் சுற்றிலும் வந்துவிடும், சரிவுக்கு வெட்டியது போக மிச்சத்தைச் சந்து அடைக்க வைத்துக்கொள்ளலாம். கம்பி கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கம்பி கனம். 16 முதல் 18 கேஜ் கேளுங்கள். அறுகோணக் கண் வைத்த கோழி வலையைக் கடைக்காரர் மலிவு என்று நீட்டுவார். அது கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும். ஒரு நாய் பல்லால் பிடித்து இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கையோடு வரும்.

வலையைச் சட்டத்தில் பதிக்கும்போது யு ஆணி மட்டும் அடித்துவிட்டு நிற்காதீர்கள். வலையின் விளிம்பு மேல் ரீப்பர் கட்டையை வைத்து, சட்டத்தோடு சேர்த்து அரை அடிக்கு ஓர் ஆணி. வலை கிழிந்து விலங்கு உள்ளே போவது குறைவு. ஆணி பிடுங்கி, ஓரம் விலகித்தான் போகும்.

கூரைக்கு 8 அடித் தகரம் மூன்று. காயலான் கடையில் பழையது வாங்கலாம், ஆணி ஓட்டையைத் தாரால் அடைத்துக்கொள்ளுங்கள். தகரத்தின் அலைமடிப்புக்கும் சுவர்ச் சட்டத்துக்கும் நடுவில் வரிசையாக ஓட்டை விழும், அதை யாரும் கவனிப்பதில்லை. எலிக்கு அது பெருவழி. மிச்ச வலையை மடித்து அதில் திணித்துக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள். தென்னங்கீற்று வேய்ந்தால் உள்ளே குளிர்ச்சிதான். ஆனால் மரநாய் கீற்றை விலக்கிக்கொண்டு இறங்கும், ஆகவே கீற்றுக்கு அடியில் முழுக்க வலை போட்ட பிறகே வேய வேண்டும்.

தரைக்குக் கடப்பா கல் துண்டு, உடைந்த ஓடு, செங்கல் ஜல்லி எதையாவது பரப்பி மேலே ஓர் அங்குலம் சிமென்ட் பூசி, வாசல் பக்கம் சற்றுச் சரிவு வையுங்கள். மேலே உமியோ மரத்தூளோ வைக்கோலோ மூன்று அங்குலம். வாத்தின் எச்சம் தண்ணீராக இருக்கும், வாரம் இருமுறை மாற்றியே ஆக வேண்டும். கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும்.

இதற்கும் பணமில்லை. வாத்து மூன்று நாலுதான்.

ஓட்டை விழுந்த 1000 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் படுக்க வைத்து, உருளாமல் இருபுறமும் கல் கொடுத்து, வாய்ப்பக்கத்தைக் கதவாக்குங்கள். எதிர்ப்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் அடிக்கு முக்கால் அடி அளவில் இரண்டு சன்னல் வெட்டி அரை அங்குல வலையை போல்ட், வாஷர் போட்டு முடுக்கினால் மூன்று நாலு வாத்து படுக்கும். மர நிழலில்தான் வைக்க வேண்டும், வெயிலில் கிடந்தால் மாலையிலும் உள்ளே கொதிக்கும். அடியில் தண்ணீர் வடியப் போடும் ஓட்டை அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மாதம் ஒருமுறை வெளிப்பக்கம் பல்தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், எலி பிளாஸ்டிக்கைக் கரண்டும்.

வலை கிழியவில்லை, கதவு திறக்கவில்லை. ஆனால் வாத்துக்குத் தலை மட்டும் இல்லை. எப்படி?

ஓரமாகப் படுத்த வாத்து வலைக்கண் வழியாகக் கழுத்தை வெளியே நீட்டியிருக்கும், அல்லது சத்தத்துக்கு மிரண்டு வலையோரம் ஒட்டி நின்றிருக்கும். வெளியே இருந்த மரநாயோ பூனையோ பிடித்து இழுத்ததில் தலை மட்டும் அதன் பங்குக்குப் போயிற்று. இரண்டு அங்குலம், மூன்று அங்குலக் கண் உள்ள செயின்லிங்க் வலையைத் தரையிலிருந்தே கட்டியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மேலே சொன்ன இரண்டு அடிக் கெட்டிச் சுவர் இதற்காகத்தான். ஏற்கெனவே வலைக்கூண்டு இருந்தால் இடிக்க வேண்டியதில்லை. உள்பக்கம் இரண்டு அடி உயரத்துக்குப் பழைய தகரம், பலகை, பிளெக்ஸ் ஒட்டிய சட்டம் எதையாவது வைத்துக் கட்டுங்கள். படுத்திருக்கும் வாத்து வெளியே தெரியக் கூடாது. தெரியாவிட்டால் நாய்கூட அரைமணி நேரம் சுற்றிவிட்டுப் போய்விடும்.

நாயும் நரியும் அடியில் தோண்டி நுழைகின்றன. எவ்வளவு ஆழத்துக்கு வலை புதைக்க வேண்டும்?

புதைக்கவே வேண்டாம். ஒன்றரை அடிப் பள்ளம் வெட்டுவது கூலிக்குக் கூலி, மண்ணுக்குள் கம்பியும் சீக்கிரம் இற்றுப்போகும். தோண்டுகிற விலங்கு சுவர் அடியில் வாயை வைத்துத்தான் தோண்டத் தொடங்கும், இரண்டு அடி தள்ளி நின்று சுரங்கம் போடும் புத்தி அதற்கு இல்லை. ஆகவே சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்கப் போட்டு, உள் ஓரத்தைச் சுவரோடு கட்டி, மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். நாலு மூலையையும் சேர்த்து 8 அடிக்கு 5 அடிக் கூண்டுக்கு 34 அடி நீளம் பிடிக்கும். இதற்குப் புது வலை வேண்டியதில்லை, பழைய செயின்லிங்க், கட்டட வேலையில் மிஞ்சிய கம்பி வலை எதுவும் ஆகும். புல் முளைத்து மூடிவிட்டால் அசையாது. மூலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், நேராக ஒட்டிவிட்டு மூலையில் சதுரமாக வெறும் மண்ணை விடுபவர்கள்தான் அதிகம்.

கதவில் என்ன தவறு நடக்கும்?

பெரும்பாலான கூண்டுகள் தோற்பது கதவில்தான். கதவடியில் இரண்டு அங்குலச் சந்து இருந்தால் கீரிக்கு அதுவே வாசல். கீழே ஒரு கல்படி வைத்து, கதவு அதில் வந்து முட்டும்படி செய்தால் சந்து மூடும். வெறும் கொக்கி போதாது, நாய் தள்ளத் தள்ள அது எகிறி விழும். தாழ்ப்பாள் ஒன்று, அதற்குமேல் கொண்டியில் பூட்டு. அகலம் 2 அடிக்குக் குறையக் கூடாது. வாத்து வரிசையில் வராது, கும்பலாகத்தான் நுழையும். குறுகிய வாசலில் நெருக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் காலை உடைத்துக்கொள்ளும். வாசல்படி அரை அடிக்கு மேல் இருந்தால் சரிவு மண் போட்டுவிடுங்கள்.

தானாக மூடும் கதவெல்லாம் பத்து வாத்துக்குத் தேவையில்லை. யார் மூடுவது என்று வீட்டில் ஒருவர் பெயரைத் தீர்மானித்துவிட்டால் போதும். "நீ மூடியிருப்பாய் என்று நினைத்தேன்" என்ற இரவில்தான் பல வீடுகளில் வாத்து வளர்ப்பு முடிந்திருக்கிறது.

எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு அடைப்பது?

காலை ஒன்பதுக்குத் திறந்துவிடுங்கள். வாத்து விடியற்காலையிலிருந்து எட்டு, எட்டரைக்குள் முட்டையிட்டுவிடும். அதற்குமுன் திறந்தால் முட்டை புதரிலும் குளத்திலும் போகும், காக்காவுக்கும் கீரிக்கும் ருசி பழகும். மாலையில் கடிகாரத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பாருங்கள். சென்னைப் பக்கம் ஜூலையில் சூரியன் 6.40 வரை நிற்கும், நவம்பர் கடைசியில் 5.40க்கே போய்விடும். அடைமழைக்காலத்தில் அதற்கும் முன்னால் இருட்டும். மறைவதற்கு அரைமணி முன்பே எல்லாம் உள்ளே இருக்க வேண்டும்.

கூப்பிட்டால் வருவதில்லை, குளத்தை விட்டு ஏற மறுக்கின்றன.

வாத்துக்குக் கோழி மாதிரி தானாகக் கூடு திரும்பும் பழக்கம் குறைவு. பழக்கித்தான் ஆக வேண்டும். புது வாத்து வந்தால் முதல் பத்து நாள் வெளியே விடாதீர்கள், கூண்டும் அதன் முன் நாலு தட்டி அடைத்த இடமும் போதும். அதன்பின் மேய விடும்போது மாலைத் தீனியைக் கூண்டுக்கு உள்ளே மட்டும் வையுங்கள், வெளியே ஒரு பிடிகூடப் போடாதீர்கள். தீனி வைக்கும்போது தினமும் ஒரே ஓசை: தகர டப்பாவைத் தட்டுவதோ, ஒரே மாதிரி குரல் கொடுப்பதோ. இரண்டே வாரத்தில் டப்பாச் சத்தத்துக்கு ஓடிவரும்.

வராததற்கு இன்னொரு காரணம் உள்ளே கும்மிருட்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைய வாத்து அஞ்சும். அடைக்கும் நேரம் மட்டும் சின்ன விளக்கொன்று எரியட்டும், அடைத்ததும் அணைத்துவிடலாம். விடிய விடிய எரிந்தால் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்கு எது வரும் என்பது தெரிந்ததே.

ஒருபோதும் கல்லெறிந்தோ துரத்தியோ அடைக்காதீர்கள். இரண்டு நீளக் குச்சியை இரு கையிலும் பக்கவாட்டில் நீட்டியபடி மெல்ல நடந்தால் கும்பலாகத் திரும்பும்.

தெருநாய் பகலிலேயே வருகிறது. வேலிக்குக் காசில்லை.

மேய்கிற இடம் முழுவதையும் அடைக்காமல், கூண்டை ஒட்டி 20 அடிக்கு 20 அடி மட்டும் முள்படல் கட்டுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்கு அதுதான் மேய்ச்சல். சீமைக்கருவேலம் கிடைக்காத ஊர் குறைவு. கிளையை வெட்டி, தடித்த அடி உள்பக்கமும் முள்நுனி வெளிப்பக்கமும் பார்க்க அடுக்கி, மூங்கில் அல்லது சவுக்குக் கழியால் இருபுறமும் நெருக்கிக் கட்டினால் நாலடிப் படல். தரையோடு நன்றாக அழுந்தியிருக்க வேண்டும், நாய் தாண்டுவதைவிட அடியில் நுழைவதுதான் அதிகம். ஒரு வருஷத்தில் கரையான் தின்று உளுத்துவிடும். ஆகவே படல் ஓரமாகவே மழைக்காலத் தொடக்கத்தில் அரையடிக்கு ஒரு கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு) நட்டு வாருங்கள். கொங்குப் பக்கத்து உயிர்வேலி அதுதான். இரண்டு மூன்று வருஷத்தில் படலே தேவைப்படாது.

செத்த கோழி, வாத்து, குடல், இறகு எதையும் குப்பைமேட்டில் எறியாதீர்கள். நாய்க்கு ருசி காட்டுவது நாம்தான். மூன்று அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். தெருநாயை அடித்துக் கொல்வது குற்றம். கூட்டம் பெருத்துவிட்டால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கருத்தடைக்கு மனுக் கொடுப்பதே வழி.

பருந்துக்கும் காக்காவுக்கும் என்ன செய்வது?

வளர்ந்த வாத்தைப் பருந்தோ வல்லூறோ தூக்க முடியாது; எடை ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். பயம் நாலு வாரத்துக்குட்பட்ட குஞ்சுக்குத்தான். மேய்ச்சல் இடத்தின் மேல் ஏழடி உயரத்தில் தங்கூசி நரம்பை (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் இழை) ஒன்றரை அடி இடைவெளியில் இழுத்துக் கட்டினால் பருந்து பாய்ந்து இறங்கத் தயங்கும். காக்காவுக்கு இது போதாது, அது நடந்தே உள்ளே வரும். குஞ்சு இருக்கும் சிறு இடத்தின் மேல் முழு வலைதான். கடலூர், நாகை, இராமேசுவரம் மாதிரி மீன்பிடி ஊர்ப் பக்கமானால் கழித்துப் போட்ட நைலான் வலை எடைக்கு வாங்கலாம். அதைத் தரைவரை தொங்க விடக் கூடாது, ஓரத்தைத் தரைக்கு ஓர் அடி மேலேயே முடித்து, அந்த இடைவெளியைப் பலகையாலோ தகரத்தாலோ அடைத்துவிடுங்கள். தரையில் கிடக்கும் நைலான் வலையில் பாம்பு சிக்கிக்கொள்ளும். காலையில் தீனித் தட்டோடு போகிறவர் கையருகே உயிரோடு ஒரு நல்ல பாம்பு மாட்டிக் கிடப்பது யாருக்கும் நல்லதல்ல.

பழைய சிடி, மின்னும் நாடா, வைக்கோல் பொம்மை எல்லாம் ஒரு வாரம் வேலை செய்யும். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு வாரம்.

செலவேயில்லாத நல்ல காப்பு நிழல்தான். வாழைக்கூட்டம், சேப்பங்கிழங்குப் பாத்தி, இரண்டடி உயரத்தில் நாலு கால் நட்டுப் போட்ட கீற்று. மேலே நிழல் ஓடினால் வாத்து முதலில் ஓடித் தேடுவது இதைத்தான். திறந்த வெளியில் பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்று இருக்கட்டும்.

குஞ்சுகளை எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?

முழுதாக நாலு வாரம், இரவில் ஆறு வாரம். குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரம் நல்ல சாதனம்தான், பகலில். மேலே ஒரு கல் வைக்காவிட்டால் நாய் கவிழ்த்துவிடும், காக்கா மூங்கில் இடுக்கில் கொத்தும். இரவில் பஞ்சாரத்தை வெறும் மண்தரையில் கவிழ்த்து வைக்கவே கூடாது. பெருச்சாளி கீழிருந்து வளை போட்டு ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுப் போகும், காலையில் பார்த்தால் பஞ்சாரம் அசையாமல் இருக்கும். சிமென்ட் தரை அல்லது கல்மேல் வையுங்கள். மரப்பெட்டியானால் மூடி அரை அங்குல வலையாக இருக்கட்டும், கால் அங்குலமானால் இன்னும் நல்லது.

காக்கி கேம்பெல் அடைகாக்காது. அதனால் நாட்டுக்கோழியை அடை வைப்பார்கள். 28 நாள், மணிலாவுக்கு 35. கோழித்தாய் பருந்தைப் பார்த்தால் சிலிர்த்துக்கொண்டு பாயும், அந்த வகையில் லாபம். ஆனால் குஞ்சு தண்ணீரில் இறங்கியதும் கரையில் நின்று கத்துவதைத் தவிர அதனால் ஒன்றும் ஆகாது. விரால் கிடக்கும் குளத்தில் சின்னக் குஞ்சை விடாதீர்கள், பெரிய விரால் அடியிலிருந்து இழுத்துவிடும். பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டையானால் கரையேற வழுக்கும். சாக்குப்பையில் மண் நிரப்பிப் படியாக அடுக்காவிட்டால் நீந்தி நீந்திக் களைத்து மூழ்கும்.

பாம்புக்குப் பூண்டு, பினாயில், சிறியாநங்கைச் செடி, ஆகாசகருடன் கிழங்கு: எது பலிக்கும்?

எதுவும் பலிக்காது. ஆகாசகருடன் கிழங்கை வாசலில் கட்டுவது பரம்பரைப் பழக்கம், கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி வலையில் ஓட்டையை விடாதீர்கள். பூண்டுச்சாறும் பினாயிலும் ஒரு மழைக்கு நிற்காது. கார்பாலிக் அமிலம் பாம்பை விரட்டுகிறதோ இல்லையோ, வாத்தின் பாதத்தைச் சுடும்.

பாம்பு வருவது வாத்துக்காக மட்டுமில்லை, எலிக்காக. எலி வருவது தீனிக்காக. மாலைத் தீனியை அரைமணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தவிட்டையும் நெல்லையும் சாக்கில் வைக்காமல் மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். கூண்டைச் சுற்றி ஆறடிக்குப் புல்லைச் செதுக்கி, விறகு, ஓடு, கல் குவியலை அகற்றுங்கள். இரவில் தண்ணீர் மட்டும் இருக்கலாம். அலகு முழுக்க முங்கும் ஆழமும், ஏறிக் குளிக்க முடியாத சின்ன வாயும் உள்ள பாத்திரம். தண்ணீரில்லாமல் தீனி மட்டும் வைத்தால் தொண்டையில் அடைக்கும்.

நெல் அறுவடை முடிந்த இரண்டு வாரமும் வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையும் கவனமாக இருக்க வேண்டிய காலம். வயலில் இடமிழந்த எலியும், வளையில் தண்ணீர் புகுந்த பாம்பும் மேடான இடத்துக்கு வரும். முட்டை எடுக்க வைக்கோலுக்குள் கையை விடாதீர்கள், ஒரு குச்சியால் கிளறிவிட்டு எடுங்கள். உள்ளே பாம்பு கிடந்தால் வாத்தை மறுபக்கம் திறந்துவிட்டு, 101ஐ அழைத்தால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள்.

இரவில் குளத்திலேயே விட்டுவிட்டால் தண்ணீர் காப்பாற்றாதா?

நாயிடமிருந்து ஓரளவு. ஆனால் விடிவதற்குள் கரையேறும், அந்த நேரத்துக்குத்தான் காட்டுப்பூனையும் நரியும் கரையில் காத்திருக்கும். முட்டையும் சேற்றோடு போகும்.

காவலுக்கு நாய், கூஸ் வாத்து, கினிக்கோழி எது நல்லது?

கினிக்கோழியும் கூஸும் கூச்சல் போடும், அவ்வளவே. கூச்சல் கேட்டு எழுந்து வர ஆள் இருந்தால் பயன். தெருநாய்க் கூட்டத்துக்கு முன்னால் கூஸும் இரைதான். நாய் வளர்ப்பதானால் குட்டியிலேயே வாத்தோடு பழக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் ஓடுகிறதைப் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். வளர்ந்த பிறகு வாங்கி வந்து வாத்துக்கு நடுவே விட்டால், காவல்காரனே களவாணி. சாதாரண நாட்டு நாய்க்குட்டி மலிவு, நிதானம். முதல் ஒரு வருஷம் கயிறில்லாமல் தனியாக விடாதீர்கள்.

விஷம் வைக்கலாமா, பொறி, மின்வேலி?

வேண்டாம். கீரி, உடும்பு, காட்டுப்பூனை, நரி, மலைப்பாம்பு எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. பிடிப்பதும் கொல்வதும் சிறைக்கு வழி. குருணை மருந்தை இறைச்சியில் வைத்தால் அதைத் தின்பது யார் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு நாய், காக்கா, கடைசியில் மேய்ந்துகொண்டு போகிற உங்கள் வாத்து. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம், மனிதர்கள் செத்திருக்கிறார்கள். விட்டு விட்டு அதிர்ச்சி தரும் சூரிய மின்வேலி வேறு, அது உயிரைக் கொல்லாது. ஆனால் பத்து வாத்துக்கு அந்தச் செலவு கட்டாது.

கடிபட்டு உயிரோடு இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் தனியாகப் பிரித்து இருட்டான அட்டைப்பெட்டியில் வையுங்கள், மற்றவை புண்ணைக் கொத்தும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவி, சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துவிடுங்கள். நாய் கடித்ததானால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு தொடுங்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து ஓரத்தில் தடவினால் ஈ மொய்ப்பது குறையும். வெளியே சின்னத் துளைதான் தெரியும், தோலுக்கு அடியில் ஆழமாகப் போயிருக்கும். பூனை, மரநாய்க் கடி இப்படித்தான் ஏமாற்றும். அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். புண் ஆறும்வரை குளம் கூடாது.

ஒருமுறை வந்துவிட்டது. திரும்ப வருமா?

வரும். பெரும்பாலும் அடுத்த இரவே, அதே வழியில். கொன்று போட்டதை எடுக்கவோ, மிச்சத்தைப் பிடிக்கவோ. ஆகவே அன்று மாலைக்குள் ஓட்டையை அடைக்க முடியாவிட்டால், மிச்ச வாத்துகளைக் கூண்டில் விடாதீர்கள். குளியலறை, மாட்டுக் கொட்டகையின் தீவன அறை, கவிழ்த்த பெரிய அண்டா மாதிரி எதிலாவது காற்றுப் போக வைத்துப் பூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குச் சாம்பல் தூவிப் பார்த்துக்கொண்டே இருங்கள். தடம் ஐந்தாறு இரவு வராமல் நின்றாலும் முட்டை உடனே பழையபடி வராது. மிரண்ட வாத்து ஒன்றிரண்டு வாரம் முட்டையை நிறுத்தும். அதற்குத் தீனியை மாற்றிப் பார்க்க வேண்டாம்.